தாபோடியின் கரிசலும் ‘நானோ களிமண்’ணும்

புணேயில் பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கும் இடத்தை ஒட்டியது தாபோடி. ரூர்க்கியில் இயங்கிய ராணுவப் பொறியியல் பள்ளி 1948இல் இங்கு இடம்பெயர்ந்தது; இன்றைய ராணுவப் பொறியியல் கல்லூரி அதுவே. கட்டுமானம் கற்பிக்கும் இந்நிறுவனம் நிற்கும் வட்டாரமோ எரிமலைப் பாறையும் அது சிதைந்து உண்டான கரிசலும் கொண்டது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், சுவரைப் பிளக்கும். இதற்கு ஈடுகொடுக்கவே, அடிப்புறம் குமிழாக விரியும் தூண் அடித்தளத்தை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் நாட்டில் பரப்பியது.

மண்ணியலார் கரிசலுக்கு வழங்கும் ‘ரேகுர்’ என்னும் பெயர் தெலுங்கின் ‘ரேகடி’யிலிருந்து சென்றது. உழவர் சொல் நூலேறிய அரிய நேர்வு இது. ஆனால் உப்புதலுக்குக் காரணமான கனிமமாகிய மோன்மோரில்லோனைட், 1847இல் பிரான்ஸின் மோன்மோரியோன் என்னும் ஊரின் பெயரைப் பெற்றது. அதன் ஒவ்வோர் ஏடும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிப்புடையது. ஏடுகள் எதிர்மின்சுமை கொண்டவை. இடையே சோடியம், கால்சியம் அயனிகள் தங்கும். அவற்றை நாடி நீர் நுழைய, அடுக்கு விரிகிறது.

‘களிமண்ணை நானோ அளவுக்கு அரைத்தல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது செயலையே தவறாகக் காட்டும் சொல். அரைத்தால் அடுக்குகள் நொறுங்கும்; ஏடுகள் தனித்தனியே விலகா. நடப்பது ஏடு பிரித்தல். 1980களின் பிற்பாதியில் ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வகத்தார், சோடியம் அயனிகளை அகற்றி நீண்ட கரிமத் தொடர் கொண்ட அம்மோனியம் அயனிகளை அங்கே அமர்த்தினர். நீரை விரும்பிய களிமண் நைலான் மூலப்பொருளை ஏற்றது. அது இடையில் புகுந்து பல்லுறுப்பியாக வளர்ந்தபோது ஏடுகள் பிரிந்து சிதறின. எடையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான களிமண் சேர்த்ததில், நைலான்-6 வெப்பத்தில் வளையத் தொடங்கும் நிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 140ஐத் தாண்டியது. காரின் டைமிங் பெல்ட் உறை அதன் முதல் வணிகப் பயன்.

கரிசலின் குற்றமாக எண்ணப்பட்ட இடைவெளியே இங்கு வாயிலாயிற்று. அந்த ஏடுகளை எந்த ஆலையும் படைக்கவில்லை. பாறை சிதைந்தபோதே அவை உண்டாயின. ‘நானோ’ என்னும் முன்னொட்டு இந்தப் பழமையை மறைத்துவிடுகிறது.

தாபோடி மண்ணை அப்படியே ஆலைக்கு அனுப்ப இயலாது என்பதும் உண்மை. சுண்ணாம்புக் கட்டிகளும் இரும்பும் மட்கும் அதில் விரவியுள்ளன. இடையயனியும் பெரும்பாலும் கால்சியமே. தொழிலகம் நாடுவது கட்ச், பார்மேர் பகுதிகளின் பெண்டோனைட்டை. கட்ச் படிவங்களும் தக்காண எரிமலைப் பாறை மாற்றமுற்று உருவானவையே. 2000க்குப் பின் பாலிபுரோப்பிலீன்–களிமண் கலவைகளை ஆராய்ந்த தேசிய வேதியியல் ஆய்வகம் இருப்பதோ, அதே புணேயின் பாஷாண் பகுதியில்.