வேலி போடாத ஊர்

இங்கிலாந்து கிராமம் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பச்சைப்பசேல் வயலும் நாலு பக்கமும் செடிவேலியும்தான். ஆனால் நடு இங்கிலாந்தில் அந்த வேலிகளில் பல, பிற்பாடு வந்தவை. அதற்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற ஊரைப் பார்க்கணும்.

லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள். தெற்கு வயல், மில் வயல், மேற்கு வயல். இன்றைக்கு மூன்றும் சேர்ந்து சுமார் 480 ஏக்கர். நடுவில் வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீள நீளமான பட்டைகளாகப் பிரிந்து கிடக்கும். ஒரு குடியானவருக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை என்று மூன்று வயலிலும் நிலம் இருக்கும். அதனால் வீட்டையும் களத்தையும் காட்டில் கட்டாமல் ஊருக்குள்ளேயே, தெருவை ஒட்டிக் கட்டினார்கள். அந்தச் செங்கல் வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

பட்டை ஏன் இவ்வளவு நீளம்? களிமண் பூமி. பல மாடு பூட்டிய கனமான ஏரைத் திருப்புவது பெரும்பாடு. சால் நீளமாக ஓடினால் திருப்பம் குறையும். ஏர் பிடித்தவனுக்கு இது சொல்லாமலே புரியும்.

வெள்ளாமை முறை எளிமையானது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் மாறும். அறுத்த தாளிலும் தரிசிலும் ஊர் ஆடுமாடு மேய்ந்தது, எரு மண்ணில் சேர்ந்தது. இப்படி மேய வேண்டுமென்றால் ஒரு வயலில் எல்லாரும் ஒரே முறைக்குக் கட்டுப்படணும். "என் நிலம், என் இஷ்டம்" என்று சொல்ல முடியாது.

அப்போ யார் கட்டுப்படுத்துவது? அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற ஊர் மன்றம். நவம்பர் கடைசியில் ஜூரிகள், அதாவது அதே ஊர் விவசாயிகள், கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். பக்கத்துப் பட்டையில் யார் ஏர் ஓட்டினார், பொதுப் பாதையை யார் உழுதார் என்று பார்த்து, எல்லையில் முளை அடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் பப்பில் மன்றம் கூடும். தப்பு செய்தவருக்கு அபராதம். 1977-ல் ஒரு சட்டம் இந்த மாதிரிப் பழைய மன்றங்களின் அதிகாரத்தை எடுத்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

அபராதம் சின்னத் தொகைதான். ஆனால் தினமும் முகம் பார்க்கிற ஆட்கள் முன்னால் பேர் வாசிக்கப்படுவது இருக்கே, அதுதான் பெரிசு. ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் தள்ளி ஓட்டலாமா என்ற ஆசை யாருக்கும் வரும். நானும் உழுகிறவன்தான், பொய் சொல்ல மாட்டேன்.

மற்ற ஊர்களில் இது போய்விட்டது. 1604-லிருந்து 1914 வரை பார்லிமெண்டில் 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் கொண்டு வந்தார்கள். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்தவர் கூலியாளாகிவிட்டார். சின்னப் பங்கு கிடைத்தவரில் பலருக்கு வேலி போடவே காசில்லை, விற்றுவிட்டுப் போனார்கள்.

லாக்ஸ்டனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலி விழத்தான் செய்தது. 1635-ல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த இந்த ஊர் வரைபடம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் இரண்டாயிரத்துக்கு மேல் பட்டைகள். உழுகிறவர், அறுக்கிறவர் எல்லாம் குட்டிக் குட்டியாக வரைந்திருப்பார். இன்று பட்டைகள் இருநூறுகூட இல்லை. பலதைச் சேர்த்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற, 1952-ல் மானவர்ஸ் பிரபு ஊரை அரசின் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-ல் அது கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-ல் மானவர்ஸ் பரம்பரையின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்ப வந்தது.

கையெழுத்துகள் மாறலாம். ஆனால் பட்டைகளை நம்பி மட்டும் அங்கே யாரும் பிழைக்க முடியாது, வேலி போட்ட நிலமும் வேணும். அடுத்த தலைமுறை ஏர் ஓட்ட வந்தால்தான் நவம்பரில் முளை அடிக்க ஆள் இருக்கும்.