உருளை காட்டியதும் சிப் சொன்னதும்: நெவாடாவில் பரிசுத்தொகைத் தகராறின் வரலாறு

சூதாட்ட இயந்திரம் பரிசு விழுந்ததாகக் காட்டிய பிறகும், அதை நடத்தும் கேசினோ, அதாவது உரிமம் பெற்ற சூதாட்டக் கூடம், பணம் தர மறுத்துவிட்டால் ஆட்டக்காரர் எந்த வாசலில் போய் நிற்பது என்ற கேள்விக்கு, சூதாட்டத்தைக் கொண்டே பெயர்பெற்ற அமெரிக்க மாநிலமான நெவாடாவின் நீதிமன்றங்கள் 1983 வரை விடை சொல்ல மறுத்தே வந்தன. 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் பிரெட் பால்சர் கையெழுத்திட்ட சட்டத்தால் சூதாட்டம் அங்கே முறையான தொழிலாகி, அரைநூற்றாண்டு காலம் அரசுக்கு வரியையும் ஊருக்கு வேலையையும் தந்துவந்தபோதும், அந்தத் தொழிலில் வென்ற பணம் சட்டத்தின் பார்வையில் கடனாகவே கருதப்படவில்லை.

இந்த முரணுக்கு வேர் 1710ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் இருக்கிறது. சீட்டிலும் பகடையிலும் பெருஞ்சொத்துகள் கைமாறுவதைத் தடுக்க, ஆன் அரசியின் காலத்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், சூதில் தோற்றதற்காக எழுதிக் கொடுத்த பத்திரங்கள் எவையும் செல்லாது என்றும், ஒரே அமர்வில் 10 பவுண்டு அல்லது அதற்கு மேல் தோற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டவர் 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அதை மீட்கலாம் என்றும் வகுத்தது. பழைய ஆங்கிலேயச் சட்ட மரபைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்ட நெவாடா நீதிமன்றங்கள், அந்த மரபோடு சேர்த்து இந்தச் சட்டத்தின் உட்பொருளையும் சுவீகரித்துக்கொண்டன. 1950இல், ஆட்டக்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த காசோலைகளின் பேரில் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பணம் கேட்ட சூதாட்டக் கூடத்தை மாநில உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பியது. 1958இல் பிரிமாண்ட் ஹோட்டலுக்கு எதிரான வழக்கில், எண்களைத் தேர்ந்தெடுத்து ஆடும் கீனோ ஆட்டத்தில் தமக்கு விழுந்த தொகையைக் கேட்டவரையும் அதே காரணம் சொல்லித் திருப்பியனுப்பியது. இரு தரப்புக்கும் ஒரே கதவு ஒரே வேகத்தில் சாத்தப்பட்டதால், இதை நேர்மையான அநீதி என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து இயந்திரங்களில் தகராறு அரிதாகவே எழுந்தது. எழுந்தாலும் கண்ணால் பார்த்துத் தீர்க்கக்கூடியதாக இருந்தது. பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை வைத்திருந்த சார்லஸ் பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செய்த 'லிபர்ட்டி பெல்' என்னும் இயந்திரத்தில் மூன்று உருளைகள் இருந்தன. பக்கத்திலுள்ள கைப்பிடியை இழுத்துவிட்டால் அவை சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்றிலும் மணிச் சின்னம் வந்தால் 10 நிக்கல் காசுகள், அதாவது 50 சென்ட், கீழே கொட்டும். உருளையோடு சேர்ந்து சுழலும் தட்டின் விளிம்பிலிருந்த வெட்டுகளில் இரும்பு விரல்கள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்பதைப் பொறுத்தே காசு விழும் வழி திறந்தது என்பதால், உருளை காட்டிய முடிவும் இயந்திரம் அறிந்த முடிவும் ஒன்றாகவே இருந்தன. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் இந்த அமைப்பையே பெருமளவில் பெருக்கியது. 1960களின் தொடக்கத்தில் பாலி நிறுவனம் கொண்டுவந்த 'மணி ஹனி' மின்சாரத்தால் இயங்கி, 500 காசுகள் வரை தானே எண்ணிக் கொட்டியபோதும் இந்த ஒற்றுமை பெரிதும் குலையவில்லை.

அதைக் குலைத்தது 1984இல் 'இங்கே டெல்னஸ்' என்பவர் பெற்ற காப்புரிமை. ஓர் உருளையில் 22 நிலைகள் இருந்தால் மூன்று உருளைகளிலும் சேர்ந்து 10,648 சேர்க்கைகளே அமையும் என்பதால், அதைவிட அரிதான பரிசை இயந்திரத்தில் வைக்க இயலாதிருந்தது. உள்ளிருக்கும் கணினிச் சிப் எழுந்தமானமாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணுக்கு உரிய நிலையில் உருளையைக் கொண்டுபோய் நிறுத்தட்டும் என்பதே டெல்னஸின் தீர்வு. உருளைக்கு 64 எண்கள் என்று வைத்துக்கொண்டால் சேர்க்கைகள் 2,62,144 ஆகிவிடும்; பரிசுச் சின்னத்துக்கு ஓர் எண்ணையும், வெற்றிடங்களுக்குப் பல எண்களையும் ஒதுக்கிக்கொள்ளலாம். பல கூடங்களின் இயந்திரங்களை ஒரே வலையில் கோத்து லட்சக்கணக்கில் பரிசுத்தொகையை வளரவிட்ட 'மெகாபக்ஸ்' 1986இல் வந்ததும் இதனால்தான் சாத்தியமாயிற்று. ஆனால் அன்றிலிருந்து சுழலும் உருளை முடிவை உண்டாக்குவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவை அறிவிக்கும் பணியை மட்டும் செய்தது. அறிவிப்பு முடிவோடு பொருந்தாமல் போகக்கூடும் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

இதற்குச் சற்று முன்பு, 1983இல், நெவாடா சட்டமன்றம் பழைய கதவைத் திறந்திருந்தது. திறக்கத் தூண்டியது ஆட்டக்காரர்களின் குறை என்பதைவிடக் கேசினோக்களின் வாராக் கடன் என்பதே பொருந்தும். 'மார்க்கர்' எனப்படும் கடன் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆடக் கொடுத்த பணம், தோற்றவர் திருப்பித் தர மறுத்தால், எந்த நீதிமன்றத்திலும் வசூலாகவில்லை. ஆகவே மார்க்கர் செல்லும் என்று அறிவித்த அதே சட்டம், ஆட்டக்காரரின் பரிசுக் கோரிக்கைக்கும் ஒரு வழியை வகுத்தது. மறுக்கப்பட்ட தொகை 500 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் கூடம் உடனடியாக மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதற்குக் குறைவென்றால், வாரியத்திடம் முறையிடும் உரிமை உண்டு என்பதை ஆட்டக்காரரிடம் சொல்ல வேண்டும். இன்றைய விதிப்படி வாரியத்தின் முகவர் 45 நாளுக்குள் முடிவு சொல்வார். ஏற்காதவர் 20 நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதன் பிறகே மாவட்ட நீதிமன்றம். நேரே வழக்குத் தொடுத்து, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழுவின் முன் பேச ஆட்டக்காரருக்கு வழியில்லை. 1987இல் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் 10 லட்சத்து 61 ஆயிரத்து 812 டாலர் பரிசு விழுந்த இளைஞருக்கு வயது 19 என்றும், ஆடுவதற்கு உரிய வயது 21 என்றும் காட்டிப் பணம் மறுக்கப்பட்டபோது, 1991இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

பழுது பற்றிய தகராறுகளே இந்த வரலாற்றின் மையம். இயந்திரங்களின் முகப்பில், பழுது ஏற்பட்டால் ஆட்டமும் பரிசும் செல்லாது என்ற பொருள்பட ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். ஆட இடும் ஒவ்வொரு காசும் அந்த வரியை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படுகிறது. 2000இல் நெவாடா உச்ச நீதிமன்றம் தீர்த்த ரீனோ நகர வழக்கில், மூன்று உருளைகளிலும் பரிசுச் சின்னங்கள் ஒரே கோட்டில் நின்றதை ஆட்டக்காரர் கண்ணால் கண்டிருந்தும், உருளை தடுமாறியதாக இயந்திரம் பிழைக்குறி காட்டியிருந்தது. உருளை உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை ஓர் ஒளி உணரி கண்காணிக்கும். சிப் சொன்ன இடமும் உணரி கண்ட இடமும் வேறுபட்டால் ஆட்டம் நின்றுபோய் அந்தப் பிழைக்குறி தோன்றும். சிப்பில் பதிவாகியிருந்த முடிவு பரிசுக்குரியது அன்று என்ற வாரியத்தின் தீர்ப்பை நீதிமன்றம் மாற்றவில்லை. உருளை பொய் சொன்னதாகவும் சிப் மெய் சொன்னதாகவும் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

பிற மாநிலங்களிலும் தர்க்கம் இதுவே. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் 2011இல் ஒரு சென்ட் இயந்திரம் ஒன்றில் ஆடிய மூதாட்டிக்கு 4 கோடியே 17 லட்சத்து 97 ஆயிரத்து 550 டாலர் 16 சென்ட் கூடுதல் பரிசு என்று திரையில் செய்தி வந்தது. கிடைத்தது 1 டாலர் 85 சென்ட். திரையைத் தொட்டால் தோன்றும் ஆட்ட விதிகளே ஒப்பந்தம், அவற்றில் அப்படியொரு கூடுதல் பரிசே கிடையாது என்று 2015இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சட்டப்படி சரியானதே. ஆயினும், இத்தகைய பொய்த்தொகைகள் தோன்றக்கூடும் என்று 2010இலேயே தயாரிப்பாளர் கேசினோக்களை எச்சரித்திருந்த நிலையில், முன்னரே அறியப்பட்ட பழுதின் ஏமாற்றத்தை ஆட்டக்காரர் ஒருவரே சுமந்தது நியாயமாகப் படவில்லை. நியூயார்க்கில் 2016இல் தோன்றிய தொகை இன்னும் வேடிக்கையானது: 4 கோடியே 29 லட்சத்து 49 ஆயிரத்து 672 டாலர் 76 சென்ட். சென்ட்டாக மாற்றினால் 429,49,67,276. இரண்டை 32 முறை பெருக்கினால் வரும் 429,49,67,296க்கு இது சரியாக 20 குறைவு. 32 இலக்க இரும எண்ணைத் தாங்கும் நினைவகத்தில் சுழியத்திலிருந்து 20ஐக் கழித்தால் வரும் எண்ணும் இதுவே என்பதால், இது பரிசு அன்று, கணக்குப் பிழை என்று கணினி தெரிந்தவர் உடனே ஊகித்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு 2 டாலர் 25 சென்ட்டும் ஒரு வேளை இறைச்சி விருந்தும் தர முன்வந்தார்கள்.

சிப்பே சாட்சி என்றால், சிப்பைச் சோதிப்பவரின் நேர்மையில்தான் எல்லாம் நிற்கும். நெவாடா வாரியத்தின் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றி, இயந்திரங்களின் நிரல்களைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்த ரான் ஹாரிஸ், அந்த நிரல்களையே திருத்திக் கூட்டாளிகளை வெல்லவைத்தவர். 1995 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியில் கூட்டாளி ஒருவர் கீனோவில் 1 லட்சம் டாலர் வென்றபோதுதான் அவர் பிடிபட்டார். அதற்கு முன், 1980களின் இறுதியில், வீடியோ போக்கர் இயந்திரங்களில் உயர்ந்த பரிசுக்குரிய சீட்டுச் சேர்க்கை வராதபடி நிரலெழுதிவைத்த லாஸ் வேகாஸ் நிறுவனம் ஒன்று தன் உரிமத்தை இழந்தது. அந்த இயந்திரங்களில் ஆடித் தோற்றவர்கள் தகராறு செய்யவில்லை. தங்களுக்கு வரவேண்டியது வரவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வாரியம் எப்போதும் கேசினோவின் பக்கமே நின்றது என்று சொல்லிவிடவும் முடியாது. 2022 ஜனவரியில் டிரெஷர் ஐலண்ட் கூடத்தில் ஒருவருக்கு 2 லட்சத்து 29 ஆயிரத்து 368 டாலர் விழுந்தும், தகவல் தொடர்புப் பழுதால் அது அவருக்கும் பணியாளருக்கும் தெரியாமல் போக, அவர் அரிசோனாவுக்குத் திரும்பிவிட்டார். கண்காணிப்புப் படங்களையும் வாடகை வண்டிப் பயணப் பதிவுகளையும் துருவி வாரியமே அவரைத் தேடிப்பிடித்துப் பணத்தைக் கிடைக்கச் செய்தது.

எனினும் 1983ஆம் ஆண்டின் ஏற்பாடு சமனானது அன்று. மார்க்கரில் கையெழுத்திட்டுப் பணம் தராத ஆட்டக்காரர்மீது, வங்கியில் பணமின்றிக் காசோலை கொடுத்த குற்றத்துக்காக அரசு வழக்குரைஞரே குற்றவியல் வழக்குத் தொடுக்கலாம் என்பதை நெவாடா உச்ச நீதிமன்றம் 2000இல் உறுதிசெய்தது. பரிசு மறுக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு இருப்பதோ வாரியத்திடம் கொடுக்கும் முறையீடும், அதை இழந்தால் மறுபரிசீலனைக்கான 20 நாளும், அதன் பிறகே மாவட்ட நீதிமன்றமும்தான்.