அழித்தும் அழியாத பேக்கப் - குப்பைத்தொட்டியின் கதை

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பழைய பேக்கப்பை அழிக்கிறோம். அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது. தொட்டியைக் காலி செய்யச் சொன்னால், லட்சக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு கடைசியில் "அனுமதி இல்லை" என்கிறது! டிஸ்க்கிலும் இடம் கூடவில்லை. ஏன் இப்படி? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

டாஸ் காலத்தில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு குறியாக மாறும். கோப்பு இருந்த இடம் "காலி" என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை தகவல் அப்படியே கிடக்கும். இதை வைத்துத்தான் பீட்டர் நார்ட்டன் 1982ல் அழித்த கோப்பை மீட்கும் மென்பொருளை விற்கத் தொடங்கினார்.

1984ல் வந்த மெக்கின்டாஷ் திரையில் குப்பைத்தொட்டி இருந்தது. 1995ல் விண்டோசுக்கும் ஒன்று வந்தது. அவசரத்தில் அழித்தவர்களுக்கு இது ஒரு வரம். ஆனால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அழித்தவை அந்த டிஸ்க்கிலேயே ஒரு மறைவான ஃபோல்டரில் தங்கும். தொட்டியைக் காலி செய்யாமல் இடம் திரும்பாது.

2007ல் ஆப்பிள் கொண்டுவந்த டைம் மெஷின் இன்னும் கெட்டி. மாறாத கோப்பைத் திரும்ப நகலெடுக்காமல், ஒரே நகலைப் பல தேதிகளிலும் காட்டும். யாரும் தெரியாமல் கைவைக்காதபடி பூட்டும் உண்டு. அழியாமல் இருப்பதுதானே பேக்கப்பின் வேலை! அதைக் குப்பையில் இழுத்துப் போட்டால் அடம்பிடிக்காமல் என்ன செய்யும்? 2011க்குப் பிறகு வந்த மெக்குகளில் பேக்கப்பை நீக்கவே 'டிஎம்யூட்டில்' என்ற கட்டளை இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால், வேண்டியதை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு ஃபார்மேட் செய்வதே வழி.

எடுத்துவைத்த பிறகே இடிக்கும் இந்த முறை நமக்குப் புதிதல்ல. திருமழபாடி கோயில் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் சின்னசேலம் போன்ற ஊர்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் பல கை மாறும். கல்யாண ஆல்பம், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கும். எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் பழைய டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129ல் முறையாகத் துடைக்கப்பட்டவை வெறும் 12! மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள்கூடக் கிடைத்தன.

ஆகவே நண்பர்களே, சுழலும் ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் குவிக் ஃபார்மேட்டோடு நிறுத்தாதீர்கள். அது பட்டியலை மட்டும்தான் கிழிக்கும். முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டா முதல் விண்டோசில் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிவிடும். மணிக்கணக்கில் ஆகும், ஆனாலும் காத்திருங்கள். உங்கள் குடும்பப் படத்தை முன்பின் தெரியாத யாரோ திறந்து பார்ப்பதைவிட அது மேல்.