துரு சொல்லும் வரலாறு



தஞ்சோங் பகார் என்றதும் நம் நினைவுக்கு வருவது கப்பல்துறை. 1864-இல் அங்கே கப்பல்துறைக் கம்பெனி ஏற்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே உழைத்தனர். கடற்கரையில் இரும்புக்குத் துருவே பகை என்பதை அவர்கள் நன்கறிவர். இரும்போடு நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகிறது. அந்தப் பிராணவாயு ஆதிநாள் முதலே காற்றில் இருந்ததா? இல்லை என்கிறது விஞ்ஞானம்.

பூமி தோன்றி ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதைச் சூழ்ந்திருந்த இலேசான வாயுக்கள் விண்வெளியில் கலைந்துபோயின. பின்னர் எரிமலைகள் நீராவியையும் கரியமில வாயுவையும் நைட்ரஜனையும் கக்கின. பூமி குளிர்ந்தபோது நீராவி மழையாகப் பொழிந்து கடலாயிற்று. கரியமில வாயுவின் பெரும்பகுதி நாளடைவில் சுண்ணாம்புப் பாறைகளில் அடங்கியது. எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜன் காற்றிலேயே தங்கிவிட்டது.

பிராணவாயுவைத் தந்தவை கடலில் வாழ்ந்த நீலப்பச்சைப் பாசிகள். வெயிலின் துணையால் உணவு ஆக்கிக்கொண்ட அந்த நுண்ணுயிர்கள், பிராணவாயுவை வெளியே விட்டன. ஆயினும் அது உடனே காற்றில் நிலைக்கவில்லை. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அதைப் பற்றிக்கொண்டு, துருவாகி அடியில் படிந்தது.

இதற்குச் சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புத்தாதுவும் படிகக்கல்லும் மாறிமாறி வரிவரியாக அமைந்துள்ளன. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை, பின்னர் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிப் பாறையாயின. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய ஆலைக்கும் சேலம் பகுதித் தாதுதான் சென்றது.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிராணவாயு காற்றில் தங்கத் தொடங்கிற்று. அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சு. நமக்கோ அதுவே உயிர்மூச்சு. இன்று நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு அதுவே.

காற்று இன்றும் மாறிவருகிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் செய்த மாற்றம் இது. பாசிகள் காற்றை மாற்றக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நமக்கு ஒரு மனிதரின் ஆயுட்காலமே போதுமாயிற்று. வெப்பம் ஏற ஏறக் கடல்மட்டமும் உயர்கிறது. கடலோரத் தாழ்நிலத்தில் வாழும் சிங்கப்பூரார் நாம், இந்த வரலாற்றை நம் வீட்டுக் கணக்காகவே கொள்ளவேண்டும்.