'டு'வுக்கும் வினைக்கும் நடுவே

ஆங்கில இலக்கணம் நடத்துகிற எனக்கு ஒரு விதிமீது தீராத கோபம் உண்டு. 'டு' (to) என்ற சொல்லுக்கும் அதையடுத்த வினைக்கும் நடுவே வினையடை நுழையக் கூடாது என்கிற விதி அது.

ஆனால் அப்படி நுழைத்துப் பிரிக்கும் வழக்கம் பழையது. 14-ஆம் நூற்றாண்டில் சமயச் சிந்தனையாளர் ஜான் விக்ளிஃப் எழுத்திலேயே உண்டு. பிறகு அருகிப்போய், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் துளிர்த்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் கையாண்டிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில்தான் எதிர்ப்பு வலுத்தது. கான்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்ட், 1864-இல் வெளியான தம் நூலில், ஆங்கிலம் பேசுவோர் இப்படிப் பிரிப்பதே இல்லை என்று எழுதினார். மக்கள் பிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்! லத்தீனைப் பார்த்து வந்த விதி என்று பலர் சொல்வார்கள். ஆனால் ஆல்ஃபோர்ட் லத்தீனைக் காரணம் காட்டவில்லை.

விதிக்குப் பணிந்தால் என்ன ஆகும்? 'ஹி டிசைடட் க்விக்லி டு லீவ்' என்று எழுதிப் பாருங்கள். விரைந்து முடிவெடுத்தானா, விரைந்து கிளம்ப முடிவெடுத்தானா? 'டு க்விக்லி லீவ்' என்றால் குழப்பமே இல்லை. 'டு மோர் தேன் டபுள்' (இரு மடங்குக்கு மேலாதல்) என்பதையோ பிரிக்காமல் சொல்லவே வழியில்லை. வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

1926-இல் ஹென்றி ஃபௌலர் தம் மொழிவழக்கு அகராதியில் நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார்: பிரிப்பது விரும்பத்தக்கதல்ல, ஆனால் பொருள் மயக்கத்தையும் செயற்கைத்தனத்தையும்விட அதுவே மேல். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தத் தீர்ப்பைத்தான். தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைத்தால் வாதாடுங்கள் என்றும் சொல்கிறேன்.