அறிவும் ஒழுக்கமும்: கிரேக்க அறிஞர் மூவர் கண்ட முடிபு

நல்லது இஃதெனத் தெளிந்த ஒருவன் அதனைச் செய்யாதொழிதல் கூடுமோ என்பது பழங்கிரேக்க மெய்ந்நூலார் மூவரை வழிவழியாக ஈடுபடுத்திய வினாவாகும். கூடாதென்றார் சாக்ரட்டீஸ். அவர்தம் மாணாக்கராகிய பிளேட்டோ அவ்விடையைத் திருத்தினார். பிளேட்டோவின் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில் இருவர் கொள்கையையும் ஆராய்ந்து வேறொரு முடிபு கண்டார். இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. ஓர் ஆசிரியரின் உயிரைக் கொண்ட வழக்கோடும் அது தொடர்புடையதாயிற்று.

கிரேக்க மொழியில் 'அரெட்டே' என்னுஞ் சொல் ஒழுக்கச் சிறப்பையேயன்றி, எப்பொருளும் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றுதற்குரிய தகுதியையுங் குறிக்கும். கூர்மை கத்தியின் அரெட்டே. விரைவு குதிரையின் அரெட்டே. மனிதனுக்குரியது யாது? கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சு நகர்க்கு வந்த சோபிஸ்டுகள் என்னும் ஆசிரியர் பலர், அதனைப் பொருள் பெற்றுக் கற்பிப்போம் என்றனர். சாக்ரட்டீஸ் பொருளும் பெற்றிலர், நூலும் எழுதிற்றிலர், எதிர்ப்பட்டோரை வினவுதலையே தொழிலாகக் கொண்டார். தனக்குத் தீங்கென்று தெளிந்ததனை எவனும் விரும்பான். ஆகலின் தீமை செய்வோன் அறியாமையாற் செய்கின்றான் என்பது அவர் துணிபு. அண்மைக்கண் உள்ள பொருள் பெரிதாகவும் சேய்மைக்கண் உள்ளது சிறிதாகவுங் கண்ணுக்குத் தோன்றுமாறுபோல, உடன்வரும் இன்பம் பெரிதாகவும் பின்வருந் துன்பம் சிறிதாகவும் தோன்றும். அம்மயக்கத்தை நீக்கி அளந்தறியும் அறிவே வாழ்வைக் காக்கும் என அவர் கூறுவதாகப் பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' என்னும் உரையாடல் காட்டும்.

இக்கொள்கைக்கு அவர் வாழ்க்கையே சான்றாயிற்று. கி. மு. 406-இல் கடற்போரில் வென்றும், மூழ்கிய கப்பல்களின் வீரரை மீட்கத் தவறிய படைத்தலைவர்களை, சட்டத்துக்கு மாறாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் முனைந்தனர். அன்று அவை நடத்துங் குழுவிலிருந்த சாக்ரட்டீஸ், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு அஞ்சாது மறுத்தார். கி. மு. 404-இல் அரசைக் கைப்பற்றிய முப்பதின்மர், சலாமிசு தீவினனாகிய லியோனைக் கொலைக்குக் கொணருமாறு அவரையும் வேறு நால்வரையும் ஏவினர். நால்வரும் சென்றனர், அவர் தம் இல்லத்துக்குத் திரும்பினார்.

ஆயின் அவரோடு பழகியோர் நிலை யாது? அல்கிபியாடிஸ் கி. மு. 415-இல் சிசிலிப் படையெடுப்பைத் தூண்டிப் பின் பகைநகராகிய ஸ்பார்ட்டாவைச் சார்ந்தான். கிரிட்டியாஸ் முப்பதின்மருள் தலைவனாய்க் குடிகளைக் கொன்று குவித்தான். கேட்டோர் பலர் திருந்திலராயின் அறிவு அறமாதல் யாங்ஙனம்? கி. மு. 399-இல் இளைஞரைக் கெடுத்தார், நகரின் தெய்வங்களை வணங்கிலர் என்னுங் குற்றஞ்சாட்டி அவரைக் கொலைத்தண்டத்துக்கு உட்படுத்தினர். குற்றப்பத்திரத்தில் கிரிட்டியாசின் பெயரில்லை. எனினும் அரை நூற்றாண்டு கழித்து ஈஸ்கினிஸ் என்னும் பேச்சாளர், கிரிட்டியாசுக்குக் கற்பித்தமையாலேயே அவர் கொல்லப்பட்டார் என நீதிமன்றத்தில் வெளிப்படையாக உரைத்தார்.

கிரிட்டியாஸ் பிளேட்டோவின் தாய்வழி உறவினன். ஆகவே இத்தடை பிளேட்டோவின் இல்லத்துள்ளேயே எழுந்ததெனலாம். அவர் தம் 'குடியரசு' நூலில் உயிரை அறிவு, வீறு, அவா என மூன்று கூறாக்கினார். கொலையுண்டோர் உடல்களைக் காணலாகாதென்று அறிந்தும், காணும் அவாவோடு போராடித் தோற்று, தன் கண்களையே வைதுகொண்டு ஓடிப்பார்த்த லியோன்டியசின் கதையை அங்கே சான்றாகத் தருகின்றார். அறிவு காணினும் அவா இழுக்குமாகலின், இளமைதொட்டு இசையாலும் உடற்பயிற்சியாலும் உள்ளத்தைப் பண்படுத்திய பின்னரே மெய்யறிவு வேரூன்றும் என்பது அவர் கருத்து.

கி. மு. 384-இல் ஸ்டகைரா நகரிற் பிறந்து, பிளேட்டோவின் கழகத்தில் இருபதியாண்டு கற்ற அரிஸ்டாட்டில், தம் 'நிக்கோமாக்கிய ஒழுக்க நூலின்' ஏழாம் பகுதியில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அறிவை உடைமை வேறு, அதனை வினைக்கண் செலுத்துதல் வேறு என்றார். உறங்குவோனும் கள்ளுண்டோனும் அறிவை இழந்தாரல்லர். ஆயினும் அஃது அவர்க்கு அப்பொழுது பயன்படுவதில்லை. அவாவாற் கட்டுண்டவன் நல்லுரை நவிலுதல், கள்ளுண்டோன் எம்பிடாக்கிளிசின் பாடலை ஒப்பித்தல் போல்வது. அவன் நல்ல சட்டங்களை இயற்றி அவற்றைக் கையாளாத நகரையும் ஒப்பன். ஆகலின் நேர்மையானவற்றைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளனாகின்றான். மருத்துவன் சொற்கேட்டும் மருந்துண்ணாதவன் பிணி தீராததுபோல, அறவுரை கேட்டலளவில் நிற்போன் உளம் நலமுறாது.

ஆயினும் அவர் சாக்ரட்டீசை முற்றும் மறுத்திலர். அவாவால் இழுக்கப்படுவது முழுமையான அறிவன்று, புலனறிவே என்று முடித்து, அவ்வளவில் சாக்ரட்டீசின் கொள்கை நிற்கும் என ஒப்புக்கொண்டார். எனவே மூவர்க்குமிடையே உள்ள வேறுபாடு 'அறிவு' என்னுஞ் சொல்லின் ஆழத்தைப் பற்றியதே. அல்கிபியாடிசும் கிரிட்டியாசும் பெற்றது செவிவழி வந்த சொல். நஞ்சுக் கிண்ணத்தைக் கலங்காது கையிலேற்ற ஆசிரியரிடத்தோ அறிதலும் ஒழுகுதலும் இரண்டன்றி நின்றன. அந்நிலையையே அவர் அறிவென்றார். அதனை எய்தும் வழியைப் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் வகுத்தனர்.