இரண்டு கல்வெட்டுகளில் மாமியாரும் அம்மாவும்

மீன்சுருட்டிக்காரங்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து ஊர். அங்கே போனால் ராஜேந்திரன் படையெடுப்பைத்தான் பேசுவோம். அந்தக் குடும்பத்துப் பெண்கள் தங்களுக்குள்ளே எப்படி இருந்தாங்க? கல்லில் இருக்கும் இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதல் கதை மாமியார், மருமகள். நாகப்பட்டினம் பக்கம் செம்பியன்மாதேவி என்ற ஊரின் கைலாசநாதர் கோயிலில், உத்தம சோழனின் தேவியர் பலர் மாமியார் செம்பியன் மாதேவியின் பிறந்த நட்சத்திரமான கேட்டையன்று அன்னதானம் நடக்க நிவந்தம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது அம்மா, மகள். சுந்தர சோழர் இறந்ததும் வானவன் மாதேவி பால்குடிக் குழந்தையை விட்டுத் தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. மகள் குந்தவை பிற்பாடு தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பா, அம்மா இருவருக்கும் திருமேனி எடுத்து, நகையும் கொடுத்தார்.

மருமகள்கள் செய்தது, அதிகாரத்தோடு உயிரோடிருந்த மாமியாருக்கு. அன்போ, அரண்மனை மரியாதையோ, இரண்டுமோ இருக்கலாம். குந்தவை செய்தபோது அம்மா போய் ஏறத்தாழ 40 வருஷம். யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை. திருக்கோவலூர்ப் பாட்டுக்கு வானவன் மாதேவி கணவனைப் பிரியாத பத்தினி. தஞ்சையில்தான் அவர் ஒரு மகளுக்கு அம்மா.

அந்த மகள்தான் நம்ம ராஜேந்திரனின் அத்தை. அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது அவரையும் நினைச்சுக்குங்க.